எம்னாவின் ஸ்ட்ராபெர்ரி கேக்

மாமியார் வஸீலா இடித்த இடியில், எம்னா ஏந்தி வந்த கேக் தட்டோடு தரையில் விழுந்தது.

கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் பார்த்தார்கள். கால் தடுக்கிய மாதிரி இல்லை. வஸீலா சமையலறையிலிருந்து வேகமாக வந்து, மருமகளின் முழங்கையில் நன்றாகவே இடித்திருந்தார்.

எம்னா ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு மருமகளாக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவள். பெருநாளுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குத் தன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று, காலையிலிருந்து நின்றபடியே மூன்று அடுக்காக அந்த ஸ்ட்ராபெர்ரி கேக்கைச் செய்திருந்தாள்.

"நான் கவனிக்கல," என்றார் வஸீலா. அவ்வளவுதான். துணியை எடுத்து வந்து எல்லாவற்றையும் வழிக்க ஆரம்பித்தார். மேல் அடுக்கு நன்றாகத்தானே இருக்கிறது, அதையாவது எடுத்து வைக்கலாமே என்று யாரோ சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் குப்பைக்குப் போனது.

மகன் நாதிர்கூட அம்மாவை முறைத்தான்.

வஸீலாவின் நாத்தனார் ஜலீலாவால் சும்மா இருக்க முடியவில்லை. மருமகளின் கைப்பக்குவத்தை நாலு பேர் பாராட்டிவிட்டால் சிலருக்குப் பொறுக்காது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யார் வீட்டுக்குப் போனாலும் பாலாடைக்கட்டியில் என்ன சேர்த்தீர்கள், வினிகர் எதிலிருந்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லி வைப்பவர் அவர். பிரான்ஸ்காரிக்கு ஹலால், ஹராம் எங்கே தெரியப்போகிறது என்று எம்னாவைப் பற்றி ஏற்கெனவே பேசியிருக்கிறார். அவரே இன்று பக்கத்தில் வந்து தோளைத் தடவிக் கொடுத்ததும், எம்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். வஸீலா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வேணும்னுதானே இடிச்சீங்க, அத்தை?"

"ஆமாம்மா."

இல்லை என்பார் என்றுதான் எம்னா எதிர்பார்த்திருந்தாள்.

வஸீலா கதவைச் சாத்திவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து கசங்கிய ஓர் உறையை எடுத்து நீட்டினார். கேக் உறைவதற்காக எம்னா பிரான்ஸிலிருந்து கொண்டு வந்த ஜெலட்டின் உறை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பன்றியிலிருந்து எடுத்தது என்று அச்சடித்திருந்தது.

எம்னா அதை இன்னொரு முறை படித்தாள். அம்மா வீட்டில் எப்போதும் மீன் ஜெலட்டின்தான் வாங்குவார்கள். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டவள், எழுத்தைப் பார்க்கவே இல்லை.

"குப்பை போட வந்தப்பதான் கண்ணுல பட்டுது," என்றார் வஸீலா. "அதுக்குள்ள நீ தட்டைத் தூக்கிட்டுப் போயிட்ட. அத்தனை பேரு முன்னாடி உன்னைக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது?"

வெளியே ஜலீலா இன்னும் வஸீலாவின் பொறாமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எம்னாவுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றபடி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

வஸீலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் பொல்லாத மாமியாராவே இருந்துட்டுப் போறேன், விடு. தெரியாம செஞ்சதை அல்லாஹ் மன்னிச்சிடுவான். ஜலீலா மன்னிக்க மாட்டா."