முழுக்கை ரவிக்கை

சந்தனக் கிண்ணத்தோடு அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். பெண்ணின் அம்மா முதலில் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள்தான் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மனையில் மகள் செண்பகவல்லி. மஞ்சள் புடவை. சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை.

நலங்கு வைக்க வந்தவர்கள் வழக்கம்போல் கையைத்தான் தேடினார்கள்.

கையில் வைக்க வேண்டாம் என்று செண்பகவல்லியே சிரித்துச் சொன்னாள். கன்னத்தில் வைத்தார்கள். பாதத்தில் வைத்தார்கள்.

நாத்தனார் ஆவுடையும் வைத்தாள்.

அவள்தான் நிச்சயதார்த்தத்தன்று கேட்டவள். "மதினி, புள்ள கையில என்ன, பல்லி ஓடுன மாதிரி கோடு?"

ஹாஸ்டலில் சதை போட்டபோது தோல் விரிந்து வந்த கோடுகள். கறுத்த தோலில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தன. அவ்வளவுதான். ஆவுடைக்குத் தான் கேட்டதே இன்று நினைவில்லை.

அம்மாவுக்குத்தான் உறக்கம் போனது. நலங்கில் ஊரே பார்க்குமே!

மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். கோடும் மறையும், நிறமும் வரும் என்றார்கள். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கல்யாணப் பெண்ணைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்தாள்.

செண்பகவல்லி வேண்டாம் என்றாள். ஆனாலும் கையை நீட்டினாள்.

மூன்று மாதம். காலையும் மாலையும் அம்மாவே தேய்த்தாள்.

"எரியுதும்மா."

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம இருடி."

பாவி, அப்படித்தான் சொன்னாள்.

தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. புதிதாகச் சிவந்த கோடுகள் முழங்கை வரை இறங்கின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கடைசியில் டாக்டரிடமே ஓடினாள்.

அந்தக் களிம்பே புதுக் கோடுகளை இழுத்திருக்கிறது என்றார் டாக்டர். பழையவை நாளாக நாளாகத் தானே மங்கியிருக்கும். இவை போகாது. இனி கையில் எதுவும் படக் கூடாது, சந்தனம்கூட.

வரிசை தீர்ந்தது.

அவள் மகளின் முன்னால் குனிந்தாள். விரலில் சந்தனத்தைத் தொட்டவள், பழக்கத்தில் கையைத்தான் பார்த்தாள். முழுக்கைத் துணி. விரல் அப்படியே நின்றது.

செண்பகவல்லி கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தாள். இரண்டு விரலால் சந்தனத்தை எடுத்தாள். அம்மாவின் ரவிக்கைக் கைக்குக் கீழே, மேல்கையில் பூசினாள்.

அங்கே கோடுகள் இருந்தன. கறுப்பில் வெளுப்பாக, நாலைந்து. செண்பகவல்லியைப் பெற்ற வருஷம் உடம்பு பெருத்தபோது வந்தவை. அவற்றை யாரும் கேட்டதில்லை. அவளும் பார்த்ததில்லை.

"சின்னப்புள்ளையில இதைத் தடவிக்கிட்டேதாம்மா தூங்குவேன்," என்றாள் செண்பகவல்லி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கும் வந்தப்போ, உன் கை மாதிரியே இருக்குன்னு சந்தோஷமா இருந்துச்சு."

சந்தனம் குளிர்ந்தது.

"பொண்ணோட அம்மா, நிமிந்து பாருங்க," என்றார் போட்டோக்காரர்.

அவளால் முடியவில்லை.