இரண்டாவது சாவி

காஜா மொய்தீன் மகனுடைய கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். காணொளி முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம காடிதான். நான்தான் ஓட்டுனேன்."

முந்தாநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரோ எடுத்தது அது. பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒருவழிச் சாலை ஒன்றில் அவர்களுடைய பழைய வெள்ளைக் கன்சில் கார் எதிர்த்திசையில் நிதானமாக வந்தது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் வளைத்துத் திருப்பி, சறுக்கி விழுந்தார்.

கார்க் கண்ணாடியில் வெயில் அடித்ததில் ஓட்டியவர் முகம் தெரியவில்லை. நம்பர் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஹாரன் சத்தங்களுக்கு நடுவே, எங்கோ பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கும் கேட்டது.

"எங்க ஃபேக்டரி குரூப்பு வரைக்கும் வந்திரிச்சி அத்தா. கிழடுங்களுக்கெல்லாம் எதுக்கு லைசென்ஸுன்னு ஒருத்தன் சிரிச்சு சிரிச்சு அனுப்புறான். நான் என்ன சொல்றது, அது எங்க வீட்டுக் காடிதான்னா?" சாதிக்கின் குரல் உயர்ந்தது.

"மெதுவாப் பேசுப்பா. அம்மா தூங்குறா."

"ஏன், அம்மாவுக்குத் தெரியக் கூடாதா?"

"தெரிய வேணாம்."

காஜா மொய்தீன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் நேரத்துக்கு முன்பே போய் நிற்கிற ஆள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக்கூட, பாங்கு சொல்லும் முன்பே நடந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு சம்மன் வாங்கியதில்லை. சாதிக்குக்கு அதுதான் தாங்கவில்லை.

"கன்டெய்னர ஒரு இஞ்ச் பிசகாம இறக்குற ஆளுன்னு உங்களச் சொல்வாங்க. அவ்ளோ பெரிய சிவப்பு போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியலப்பா. வயசாயிருச்சுல்ல."

"அந்த ரோட்டுல உங்களுக்கு அப்படி என்ன வேலை? நான் படிச்ச ஸ்கூல விட்டா அங்க ஒண்ணுமே இல்லையே."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"விழுந்தாரே, அவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"முழங்கையில கட்டுப் போட்டிருக்காங்க. பின்னால புள்ளைய உட்கார வெச்சுக்கிட்டு வந்திருந்தா என்னாயிருக்கும்? அடுத்த தடவை யாராச்சும் செத்தே போயிருவாங்க!"

"எனக்கும் அதாம்பா பயம்."

"நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"வர்றேன். நான்தான்னு எழுதிக் குடுத்துர்றேன்."

சாதிக் ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தான். அத்தா கத்துவார், கிரேன் கதையெல்லாம் சொல்வார், சாவியைத் தரமாட்டார் என்று நினைத்திருந்தான். இப்படித் தலையாட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"சாவியக் குடுங்க அத்தா," என்றான்.

வீட்டில் இருக்கும்போதும் சட்டைப் பையில் ஊக்கு மாட்டிப் பத்திரமாக வைத்திருந்த சாவியை அவர் எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு, அவன் கேட்காமலே, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அலமாரி உச்சியில் இருந்த தொப்பிப் பெட்டிக்குள் கையை விட்டார். அப்படி இன்னொரு சாவி இருப்பதே சாதிக்குக்கு மறந்துபோயிருந்தது.

"இதையும் எடுத்துக்க. காடிய இன்னைக்கே கொண்டு போயிரு. நல்ல ஆளாப் பாத்து வித்துரு."

"அவசரம் என்னத்தா? சாவிதான் எங்கிட்ட இருக்கே. காடி பாட்டுக்குக் கீழ கிடந்துட்டுப் போவுது."

"வேணாம்லா. கண்ணுல படவே கூடாது."

சாதிக் இரண்டு சாவிகளையும் உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தான். அவன் முதல் வகுப்புக்குப் போனதே அந்தக் கன்சிலில்தான்.

"ரொம்பப் பேசிட்டேன் அத்தா."

"இல்லப்பா. நீ சொன்னதெல்லாம் சரிதான்."

"எங்கயாச்சும் போவணும்னா எனக்கு ஒரு போன் போடுங்க. நான் இருக்குற பாயான் பாரு என்ன வெளியூரா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அம்மா எழுந்ததும் சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன்னு."

"சொல்றேன்."

வாடகைக் காரில் வந்திருந்த சாதிக், கன்சிலில் திரும்பினான். அடுக்குமாடியின் நடைபாதையில் நின்று காஜா மொய்தீன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார் வாசலில் சமிக்ஞை விளக்கைப் போட்டு நின்றது. இரண்டு பக்கமும் வண்டி இல்லை என்று தெரிந்த பிறகே திரும்பியது. அவன் அப்படித்தான் ஓட்டுவான், அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகியவன்.

சத்தம் தேய்ந்து அடங்கும் வரை அவர் நகரவில்லை. பிறகு கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னால் கதவு திறந்தது. ஹபீபா பீவி முக்காட்டைச் சரிசெய்தபடி அவசரமாக வந்தார். ஒரு கையில், வாய்வரை தண்ணீர் நிரப்பிய சின்னப் பிளாஸ்டிக் போத்தல். அதன் மேல் ஒட்டியிருந்த பொம்மைப் படம் என்றைக்கோ வெளுத்துப்போயிருந்தது.

இன்னொரு கையைக் கணவரிடம் நீட்டினார்.

"சாவியக் குடுங்க, சாதிக்குக்கு ஸ்கூல் விட்டுருக்கும்."