உப்புக் கேட்ட சாமி

கடப்பாரையோடு வந்து நின்றார் நயினார். செம்பூரில் அந்தப் பழைய ஒண்டுக்குடித்தனச் சால் கட்டடத்தின் பகுத்தறிவு மன்றத்துக்கு அவர்தான் தலைவர்.

“இந்தக் கல்லை யாருலே வச்சது?”

“நான்தான் அண்ணாச்சி,” என்றான் வயர்மேன் சொரிமுத்து. அவனும் கறுப்புச் சட்டைதான். மன்றத்தின் செயலாளர்.

பின்சுவர் ஓரம் முழ உயரக் கல். குங்குமம், செவ்வந்தி, சுற்றிலும் ஈரம்.

“செவ்வாய், வெள்ளி வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி, ஒரு கை உப்பு. அருள் வந்து நீதான் சொன்னியாமே?”

“அருளெல்லாம் வரல. கனவுன்னுதான் சொன்னேன்.”

“வெக்கமாயில்ல? குழாயில அரை மணி நேரம் தண்ணி வாரதுக்கு மண்டைய உடைக்கானுவ. நம்ம ஆளு கல்லைக் குளிப்பாட்டச் சொல்லுதான்! அன்னமேரிகூட சிலுவை போட்டுக்கிட்டு ஊத்துதாளாம். இப்பமே கல்லைப் பிடுங்குதேன். மன்றத்துல உன் பேரையும் அடிச்சிருதேன்.”

கோமதியம்மாள் குடத்தோடு வந்தாள். கடப்பாரையைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

சொரிமுத்து நயினாரின் காதருகே குனிந்தான்.

“மெதுவாப் பேசுங்க. போன வருசம் இஸ்திரிப் பெட்டி ஷாக் அடிச்சு அன்னமேரி விழுந்தாள்லா? எர்த்து இல்லாம பிளக் பாயிண்ட் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் எழுதிட்டுப் போனாரே. வீட்டுக்கு வீடு மூணு பின் மாட்டினேனே.”

“அதுக்கு?”

“மூணாவது கம்பி, அந்த எர்த்துக் கம்பி, இந்தக் கல்லுக்குக் கீழதான் முடியுது. செப்புத் தகடு, கரி, உப்பு. பாறை மண்ணு அண்ணாச்சி, காஞ்சா வேலை செய்யாது. ஒழுகுற கரண்டு பூமிக்குப் போகாம ஆளைப் பிடிச்சிரும்.”

“இதைச் சொல்லியே தண்ணி கேக்க வேண்டியதுதானலே?”

“கேட்டேன். வீடு வீடாக் கேட்டேன். ஒரு செம்பு விழல. ‘குடிக்கவே பத்தல, காலிபீலியா, சும்மா மண்ணுல கொட்டவாலே’ன்னு முதல்ல கதவைச் சாத்தினது யாரு, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அது நயினார் வீட்டுக் கதவு.

கோமதியம்மாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “ஊத்தவா, வேண்டாமா?”

நயினார் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

“நல்லா ஊத்துங்க மதினி. சாமி வறண்டு கிடக்கு.”