கொம்பி வானில் காஸ் மணம்

"பவளம், கிட்ட வராதை! இண்டைக்கும் காஸ் மணக்குது!"

அடுப்பும் காஸ் சிலிண்டரும் பூட்டிய பழைய கொம்பி வானின் பக்கக் கதவுக்குள் தலையை விட்டபடி நித்தியானந்தன் கத்தினார். கையில் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணம், தோளில் துவாய். ஸ்பிரிங்வேல் வீட்டு வாசலில் மூன்று சனிக்கிழமையாக இதே கூத்துத்தான்.

அவர் மனைவி பவளத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளை விடியச் சிட்னிக்குப் புறப்பட வேண்டும். தங்கை கமலினி அங்கே குடிவந்து பத்து மாதம், இன்னும் முகம் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. கமலினியின் புருஷன் மகேந்திரராஜாவும் நித்தியானந்தனும் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கொழும்பில் ஒருநாள் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடும்போது யார் சீட்டை ஒளித்தது என்று தொடங்கிய சண்டை. சின்னப் பிள்ளைகள் கெட்டார்கள், போங்கள்! ஈஸ்டர் லீவில் நாலு பேருமாக இந்த ஒரு வானுக்குள் அடைபட்டு ஊர் சுற்றினால், இரண்டு பேரும் வாய் திறக்காமல் எங்கே போவார்கள் என்று அக்காவும் தங்கையும் கடிதத்திலேயே திட்டம் போட்டிருந்தார்கள்.

"நேற்று சிலிண்டர் நிரப்பேக்குள்ளை அந்தக் காஸ் கடைக் கிரேக்கர் எல்லாம் பாத்தவர்தானே? ஹோஸ் புதுசு. ரெகுலேட்டர் புதுசு. சிலிண்டரிலை அடிச்சிருக்கிற திகதிக்கும் இன்னும் பத்து வருசம் ஆகேல்லை எண்டவர்."

"அவர் சொல்லுவார். வெடிச்சால் அவரே பறக்கிறது?" நித்தியானந்தன் காஸ் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைத் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. "பழைய வானப்பா. எங்கையோ கள்ளமாக் கசியுது. எனக்கும் போக ஆசைதான்."

"ஆசையோ? உங்களுக்கோ?"

"ஓம்! மகேந்திரனோடை ரெண்டு வார்த்தை கதைப்பம் எண்டுதான் இருந்தனான். என்ன செய்ய, குடுத்து வைக்கேல்லை."

பவளம் உருகிப்போனாள். இவ்வளவு நல்ல மனம் வந்திருக்கிற நேரத்தில் ஒரு சிலிண்டரா குறுக்கே நிற்பது?

"அதைக் கழட்டுங்கோ."

"எதை?"

"சிலிண்டரை. வீட்டிலை வைச்சிட்டுப் போவம். அடுப்பே வேண்டாம். புட்டு அவிச்சுக் கட்டுறன், பிளாஸ்கிலை தேத்தண்ணி. பிறகு எது வெடிக்குது பாப்பம்!"

நித்தியானந்தன் வேண்டாவெறுப்பாகச் சிலிண்டரைக் கழற்றிப் பின்வளவில் கொண்டுபோய் வைத்தார். கதவு, யன்னல் எல்லாம் திறந்து ஒரு மணித்தியாலம் காற்றாட விட்டார்கள்.

பிறகு பவளம் உள்ளே ஏறி மூக்கை உறிஞ்சினாள். மணம் அப்படியே இருந்தது.

சிலிண்டரே இல்லாத வானில் காஸ் எப்படி மணக்கும்? அவள் மண்டியிட்டு, சிலிண்டர் நின்ற அலுமாரிக்குள் கையை விட்டுத் துழாவினாள். பின்மூலையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், குசினியைத் தலைகீழாக்கித் தேடியும் கிடைக்காத பெருங்காய டின்! மூடி கழன்று கிடந்தது.

"ஐயையோ, அண்டைக்குச் சாமான் ஏத்திப் பாக்கேக்குள்ளை நான்தான் மறந்து விட்டிருக்கிறன்!" வெட்கத்தில் அவளுக்கு முகம் சிவந்தது. "குறை நினையாதேங்கோப்பா. என்னாலைதான் உங்களுக்கு இவ்வளவு பாடும்."

நித்தியானந்தன் அவசரமாக டின்னை வாங்கி மூடிக்கொண்டே, "சரி, விடு. மறதி எல்லாருக்கும் வாறதுதானே," என்று பெரிய மனதோடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. பவளம் ஓடிப்போய் எடுத்தாள். சிட்னி பென்டில் ஹில்லில் இருந்து கமலினி, அழாக்குறையாக.

"அக்கா, வராதேங்கோ! எங்கடை குசினியிலை மூண்டு கிழமையாக் காஸ் மணக்குது. காஸ் கொம்பனியிலை இருந்து வந்து பாத்தவங்கள் ஒண்டுமில்லை எண்டிட்டாங்கள். இவர்தான், வீட்டுக்கு ஆக்களைக் கூப்பிட்டால் ஆபத்து எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறார்."

பவளம் யன்னலால் எட்டிப் பார்த்தாள். ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன், மூன்று கிழமையாகப் பெருங்காயம் போடாத ரசத்தை மூச்சு விடாமல் குடித்த மனுஷன், வானுக்குப் பின்னால் மெல்லப் பதுங்கிக்கொண்டிருந்தார்.

"கமலி, உன்ர பெருங்காய டின் எங்கை?"

"அதை ஏனக்கா கேக்கிறியள்? அதையும் மூண்டு கிழமையாக் காணேல்லை!"

ஏழு வருஷமாகப் பேசாத சகலன்கள் இரண்டு பேரும், இந்தப் பயணத்தைக் கெடுப்பதற்கென்றே ரகசியமாகப் பேசி ராசியாகிவிட்டிருந்தார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதா, இவருடைய மண்டையை உடைப்பதா என்று பவளத்துக்குத் தெரியவில்லை.