இருபதாம் பிறை

"மச்சான், ஓதணும்னா ஓதிக்குங்க. ஆனா மார்க்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க!"

ஜெயிலானி மாமாவின் குரல் திரைச்சீலையைத் தாண்டி அடுப்படிக்கே வந்தது. அமீர் நிஷா நெய்ச்சோற்றுக்குத் தம் போட்டுவிட்டுக் காதைக் கூடத்துப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

இன்று பன்னிரண்டாம் பிறை. நபிகள் நாயகம் பிறந்த நாள். வருஷா வருஷம் இந்த நாளில் வாப்பா ஹபீபு மரைக்காயர் வீட்டில் ஆட்களைக் கூட்டி நாயகத்தின் புகழ் பாடும் மௌலூது ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் போடுவார். உம்மா இல்லாத வீட்டில் அத்தனை சமையலும் நிஷாவின் தலையில்தான். இந்த வருஷம் உம்மாவின் தம்பி ஜெயிலானி மாமா சவுதியிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கையோடு ஒரு டேப் ரிக்கார்டர், பை நிறைய மார்க்கப் பிரசங்கம் பேசும் பயான் கேசட்டு. வந்த நாள் முதல் வீட்டில் இதே சண்டைதான்.

வாப்பா ஜெயிக்க வேண்டும் என்று நிஷா உள்ளுக்குள் துஆ செய்துகொண்டிருந்தாள். அவர் ஜெயித்தால் அவரிடம் ஒன்று கேட்கலாம். இத்தனை வருஷமும் அதைக் கேட்க அவளுக்கு வாய் வந்ததில்லை.

"நாயகம் காலத்துல மௌலூது இருந்துச்சா? நாலு கலீஃபாமாருங்க காலத்துல இருந்துச்சா?" மாமா விடவில்லை. "பல நூறு வருசம் கழிச்சு ராஜாமாருங்க ஆரம்பிச்சு வச்சது. எந்த ராஜாங்கிறதுலயே அடிதடி. எகிப்துங்கிறாரு ஒருத்தரு, இராக்குங்கிறாரு இன்னொருத்தரு."

"நாயகம் காலத்துல டேப் ரிக்கார்டர் கூடத்தான் இல்ல. நீ பயான் கேக்கலியா?"

"அது பொருளு மச்சான். இது வணக்கம்."

"அட போப்பா! ஒனக்கு ஜெயிலானின்னு பேரு வச்சதே ஒரு மௌலூது சபையிலதான். மொதல்ல அதை மாத்திட்டு வா."

தோற்கிற மனுஷரா மாமா? கையில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து வீசினார்.

"சரி. இன்னைக்கிப் பொறந்தாங்கன்னே வச்சுக்குவோம். அவங்க மறைஞ்சு வஃபாத் ஆனதும் இதே பன்னெண்டாம் பிறைன்னு நீங்கதானே சொல்றீங்க? மவுத்தான நாள்ல எவனாச்சும் நெய்ச்சோறு ஆக்குவானா?"

நிஷாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். வாப்பா என்ன சொல்லப்போகிறார்?

வாப்பா தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"அப்படிக் கேளு! புள்ள பொறந்தா ஆடறுத்து அகீகா குடு, சந்தோசப்படுன்னு மார்க்கம் சொல்லுது. மவுத்துக்கு என்ன சொல்லுது? மூணு நாளைக்கு மேல துக்கம் வச்சுக்காதேங்குது. புருசனைப் பறிகுடுத்த பொம்பளைக்கு மட்டுந்தான் அதுக்கு மேல. இல்லேன்னு சொல்லு பாப்போம்!"

"அது வாஸ்தவந்தான்..."

"அப்போ ஒரே நாள்ல பொறப்பும் இறப்பும் வந்தா எதைப்பா நெனைக்கணும்? பொறப்பைத்தான் நெனைக்கணும்! திங்கக்கிழமை ஏன் நோன்பு வைக்கிறீங்கன்னு கேட்டதுக்கு நாயகம் என்ன சொன்னாங்க? 'அன்னைக்குத்தான் நான் பொறந்தேன்'னு சொன்னாங்களா இல்லியா?"

"அவங்க நோன்புல்ல வச்சாங்க? நீங்க திங்குறீங்களே!"

வாப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாள் கணக்கை அவர் மறுபடி எடுத்துப் போட்டார். "ஒங்க வூடு, ஒங்க பாடு" என்று மாமா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாப்பாவை இவ்வளவு பிடித்ததே இல்லை அவளுக்கு.

மௌலூது நன்றாகவே நடந்தது. ஊதுபத்தி மணக்க மணக்க ஓதினார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், போனார்கள். கடைசியில் வாப்பாவும் மாமாவும் ஒரே சஹன் தட்டில் எதிரெதிரே கை வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓதத்தான் கூடாதாம், நெய்ச்சோற்றின் மேல் மாமாவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

வாப்பாவின் முகத்தில் ஜெயித்த களை. இதைவிட நல்ல நேரம் வராது. நிஷா கறியை அள்ளி வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"வாப்பா, சீரகச்சம்பாவும் நெய்யும் மிச்சம் இருக்கு. வர்ற இருபதாம் பிறைக்குக் கொஞ்சமா நெய்ச்சோறு ஆக்கட்டுமா?"

சஹனுக்குள் போன வாப்பாவின் கை நின்றது.

"என்னைக்கின்னு சொன்னே?"

"இருபதாம் பிறைக்கு."

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ஒன் உம்மா மவுத்தான நாளுடி அது! இத்தனை வருசத்துல அன்னைக்கி இந்த வூட்டுல அடுப்பு எரிஞ்சு பாத்திருக்கியா? மவுத்தான நாள்ல எவளாச்சும் நெய்ச்சோறு ஆக்குவாளா?"

நிஷா மாமாவைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு மேல் துக்கம் இல்லை என்பதை வாஸ்தவம் என்று ஒப்புக்கொண்டவர் அவர். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

மாமாவின் கண்கள் சிவந்திருந்தன.

"மச்சான் சொல்றதுதான் சரி. எங்க அக்கா போன நாளு அது."

நாள் முழுக்க எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். நிஷா கறிச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"நெய்ச்சோறு ஆக்கித் திங்குற அளவுக்கு, அன்னைக்கி அப்படி என்ன விசேசம் ஒனக்கு?" என்று மாமா அதட்டினார்.

அவள் நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"அன்னைக்குத்தான் மாமா, நான் பொறந்தேன்."