மன்னிக்க முடியாது

"முடியாது," என்றார் பிரசங்கியார்.

செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரார்த்தனை முடிந்து மண்டபம் நிறையக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. முன் வரிசையில் இன்ஸ்பெக்டர். எதிரே கைகட்டி நிற்கும் டிரைவர். அவனுக்குப் பின்னால் அவன் முதலாளி, நகராட்சி சேர்மன். இத்தனை பேரை வைத்துக்கொண்டு சொல்கிற வார்த்தையா இது?

பிரசங்கியாரின் காதருகே குனிந்தார் செயலாளர். "ஐயா, மைக் ஆன்ல இருக்கு."

"தெரியும். அதனாலதான் கத்தாம சொன்னேன்."

நடந்தது ஊருக்கே தெரியும். விடிந்தும் விடியாத நேரத்தில் மண்டபத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த பிரசங்கியாரை, சேர்மனின் கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. கால் எலும்பு நொறுங்கி, காய்ச்சலும் மயக்கமுமாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே டிரைவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், 'நான்தான் ஓட்டினேன்' என்று ஒப்புக்கொண்டான்.

பிரசங்கியார் மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கைச் சமரசமாக முடித்துவிடலாம். இல்லையென்றால் அவன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் மனைவி நிறைமாதம்.

நேற்று வீடு திரும்பிய பிரசங்கியாரிடம் செயலாளர் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர், "மூணு பேரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க. அங்கேயே சொல்றேன்," என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதுதான் செயலாளர் செய்த தப்பு.

மண்டபத்துக்கு மாடி எடுக்கும் அனுமதி சேர்மனின் மேஜையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சேர்மனும் பேசவில்லை, செயலாளரும் கேட்கவில்லை. வாய்விட்டுப் பேசித்தான் புரிந்துகொள்ள வேண்டுமா என்ன, இருவரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

"ஐயா, வருஷம் பூரா மன்னிப்பைப் பத்தித்தானே பேசறீங்க?" செயலாளர் விடவில்லை. "போன மாசம் வாசல்ல உங்க செருப்பைத் திருடினவனைக்கூட மன்னிச்சு விட்டீங்களே!"

"அவனை மன்னிச்சேன். இவரை முடியாது."

"செருப்பு போனா பரவாயில்ல, கால் போனா கோபம் வந்துடுமா?"

பிரசங்கியார் சிரித்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. "பேச்செல்லாம் மேடையோட சரி போலிருக்கு," என்று பின்னாலிருந்து ஓர் அம்மாளின் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே வந்தது.

சேர்மன் ஓரடி முன்னால் வந்தார். குரல் தழுதழுத்தது. "ஐயா, பெரிய மனசு பண்ணுங்க. ரொம்ப வருஷமா என்கிட்ட இருக்கான், தங்கமான பையன். இவன் செஞ்ச தப்புக்கு நான் வேணும்னாலும் உங்க கால்ல விழறேன்."

"வேண்டாங்க. மிச்சமிருக்கறது ஒரு கால்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் தன்னிடம் வேலை செய்கிறவனுக்காக இவ்வளவு இறங்கி வருகிறார், இந்த மனிதருக்கு நக்கல் வேண்டிக்கிடக்கிறதே என்று செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் டிரைவர் தடாலென்று விழுந்து, கட்டுப்போட்ட காலுக்குப் பக்கத்தில் தலையை வைத்துவிட்டான்.

"கண் அசந்துட்டேன்யா... மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கய்யா. குழந்தை பொறக்கறப்போ நான் பக்கத்துல இருக்கணும்யா..."

தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அங்கங்கே முந்தானைகள் கண்ணுக்குப் போயின. இன்ஸ்பெக்டரே தலையைக் குனிந்துகொண்டார்.

செயலாளருக்குப் பொறுமை போயிற்று. மைக் இருப்பதை அவரே மறந்துவிட்டார்.

"இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்? உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா? நீங்க பேசறதை இத்தனை வருஷம் வாயைப் பிளந்துகிட்டுக் கேட்டேனே, என்னைச் சொல்லணும்!"

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இவரை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று அங்கேயே முடிவு கட்டினார்.

பிரசங்கியார் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உதவிக்கு வந்த கைகளை விலக்கினார். வலியில் முகம் கோணியது, ஆனாலும் நின்றுவிட்டார். குனிய முடியாததால் டிரைவரைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினார்.

"எழுந்திரிங்க தம்பி. உங்க மேல எனக்குக் கோபமே இல்ல."

"அப்போ மன்னிச்சேன்னு சொல்லுங்களேன்யா!"

"எப்படிச் சொல்றது? இத்தனை பேர் முன்னால, இன்ஸ்பெக்டரையும் வச்சுக்கிட்டு உங்களை மன்னிச்சேன்னு சொன்னா, குத்தவாளி நீங்கதான்னு நானே முத்திரை குத்தின மாதிரி ஆயிடும். ஜெயிலுக்குப் போகலைன்னாலும் ஆளை அடிச்சுப் போட்டுட்டு ஓடினவன்ங்கற பேர் போகாது. பொறக்கப்போற குழந்தை அந்தப் பேரோடயா வளரணும்?"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தான். அழுகை சட்டென்று நின்றிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தார்.

பிரசங்கியார் ஊன்றுகோலை நகர்த்தி, டிரைவரைத் தாண்டிச் சேர்மன் பக்கம் திரும்பினார்.

"நான் மயக்கத்துல கிடக்கேன்னு நினைச்சு, டிரைவர் சீட்லேர்ந்து இறங்கி வந்து குனிஞ்சு பார்த்துட்டுப் போனது நீங்கதானே? நீங்க கேளுங்க, இந்த நிமிஷமே மன்னிச்சிடறேன்."