கன்னம் என்றால்

மருத்துவக் கல்லூரி நூலகத்து மேசையில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. உடம்பைப் பற்றி எது கேட்டாலும், தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை அதற்கு. பக்கத்தில் கம்பியில் தொங்கிய எலும்புக்கூட்டை மாணவர்கள் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு குறை. "எனக்குக் கன்னமே இல்லையே! கன்னம்னா எப்படிண்ணே இருக்கும்?"

"கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் காதுக்கும் நடுவில் அமைந்த தசைப்பகுதி" என்று அகராதி கடகடவென ஒப்பித்தது.

"எங்கே இருக்குன்னு சொல்லிட்டீங்க. எப்படி இருக்கும்?"

அகராதிக்குச் சுருக்கென்றது. "எழுதினதுக்கு மேலே எதுவும் கிடையாது. வாயை மூடு!"

மாப்பிள்ளையின் தாடை டக்கென்று மூடிக்கொண்டது.

அன்று மதியம், மறுநாள் தேர்வுக்குப் படிக்க வந்த தமயந்தி, கன்னம் இருந்த அந்தப் பக்கத்தைத்தான் விரித்தாள். சாப்பிட்டு வந்த தயிர்சாதத்தில் கண் சொக்கியது. அப்படியே அகராதியின் மேல் முகம் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

வெதுவெதுப்பாக, மெத்தென்று ஏதோ எழுத்துகளின் மேல் அழுந்தியது. அகராதி ஒரு தாளைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டது.

"அண்ணே, எச்சில் வடியுது! எழுத்தெல்லாம் நனையுது!" என்று பதறியது மாப்பிள்ளை.

"நனைஞ்சா நனையட்டும்" என்று கிசுகிசுத்தது அகராதி. "சத்தம் போடாதடா, எழுந்துடப் போறா."